அச்சிட்டவன் பெயர்

பழைய பாட்டுப் புத்தகம் எது கிடைத்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரைத்தான் முதலில் பார்ப்பேன். பாட்டு, கட்டியவர் பெயர், விலை எல்லாம் அதற்குப் பிறகு. அச்சாபீசில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் போகாது. மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு டிரெடில் மிஷினும் சில கேஸ் ஈய எழுத்தும் வைத்துக்கொண்டு என் அப்பா எங்களை ஆளாக்கினார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், ரசீதுப் புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ், தேர்தல் வந்தால் துண்டறிக்கை. இவைதான் எங்களுக்குச் சோறு போட்டவை. நடுநடுவே, தான் கட்டிய பாட்டை நாலாக மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் வந்து நிற்பார். நெசவாளி, வண்டிக்காரர், கோயில் வாசலில் பாடுகிறவர், வேலை போன மில் தொழிலாளி.

“பாட்டுக் கட்டினவன் பேரு இல்லாமப் போனாலும் போகட்டும். அச்சாபீஸ் பேரு இல்லாம ஒரு தாளு வெளியே போகக் கூடாது” என்பார் அப்பா. இது அவராகப் போட்ட விதி இல்லை, நாட்டின் சட்டம். 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம், அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம். அதன் மூன்றாம் பிரிவு, அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்கிறது. மீறினால் எங்கள் காலத்தில் 2,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. நான்காம் பிரிவின்படி, இன்ன இடத்தில் நான் அச்சுப்பொறி வைத்திருக்கிறேன் என்று மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அப்பா கையெழுத்திட்ட அந்தத் தாளின் நகல் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

சாதாரண மக்கள் எழுதி வெளியிட்ட வரலாற்றைப் பேச வருகிறவர்கள் எழுதினவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். அரசு அப்படிப் பார்க்கவில்லை. எழுதினவன் ஊர் ஊராகப் போய்விடுவான், புனைபெயரில் எழுதுவான், பேரே இல்லாமலும் எழுதுவான். ஒன்றிரண்டு டன் இரும்போடு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவன் அச்சுக்காரன். ஆகவே சட்டம் அவன் கழுத்தைப் பிடித்தது. ஒரு பாமரனின் சொல் தாளில் ஏறுமா ஏறாதா என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஊரில் முடிவு செய்தது, அந்தக் கடைசி வரியில் தன் பெயரைப் போடச் சம்மதித்த ஒருவனுடைய துணிச்சல்தான்.

தமிழுக்கு அச்சு வந்தது முந்தியே. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் வைத்த அச்சுக்கூடத்தில் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் வந்தது. 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களின் அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்து வேப்பேரியில் பாப்ரீஷியஸ் பாதிரியாரிடம் கொடுத்தார்கள், கம்பெனி கேட்கிற வேலையை முதலில் முடித்துத் தர வேண்டும் என்ற பேச்சோடு. ஆக அச்சு என்பது பாதிரிமார் கையிலும் சர்க்கார் கையிலும் இருந்த பொருள். தமிழர் யாரும் தொடவில்லை என்று சொல்ல முடியாது. தஞ்சை மலையப்ப பிள்ளை மகன் ஞானப்பிரகாசம் 1812இலேயே சென்னையில் திருக்குறளை அச்சேற்றினார். ஆனாலும் அச்சுக்கூடம் வைக்க அரசின் தயவு வேண்டியிருந்தது.

அந்தத் தளையை 1835இல் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த சார்லஸ் மெட்காப் அவிழ்த்துவிட்டார். முன் அனுமதி வேண்டாம், அச்சிடுகிறவர் தன் பெயரையும் இடத்தையும் சொல்லிவிட்டால் போதும் என்பது அவர் கொண்டுவந்த சட்டம். கம்பெனி இயக்குநர்களுக்கு இது பிடிக்கவில்லை, மெட்காப் அதற்கான விலையையும் கொடுத்தார். அடுத்த பத்து இருபது வருஷத்தில் சென்னையில் தமிழர் அச்சுக்கூடங்கள் வரிசையாக முளைத்தன. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்கு வந்து அச்சுப்பொறி வாங்கிப்போய் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் நிறுவினார். பண்டிதர்கள் ஏடுகளை அச்சேற்றிய கதை அது, பலமுறை எழுதப்பட்டுவிட்டது. எனக்கு வேண்டியது அதே பொறிகளில் பண்டிதர்களின் கண்ணுக்குத் தப்பி அச்சான மற்றச் சரக்கு.

சென்னைப் பார்க் டவுன் பக்கம் குஜிலிக் கடைத்தெரு என்று ஒன்று இருந்தது. மாலையில் கூடும் சந்தை. அங்கே விற்ற புத்தகங்களுக்கே குஜிலிப் புத்தகம் என்று பேர் வந்துவிட்டது. எட்டுப் பக்கம் அல்லது பதினாறு பக்கம், மட்டமான தாள், ரோஸ் அல்லது பச்சை நிற மேல் அட்டை, விலை காலணா, அரையணா, போனால் ஓரணா. தாது வருஷப் பஞ்சம் கும்மியாக வந்தது. கொலை நடந்தால் கொலைச் சிந்து. ரயில் கவிழ்ந்தால், வெள்ளம் வந்தால், புது வரி போட்டால், ஊருக்கு டிராம் வந்தால், எல்லாவற்றுக்கும் பாட்டு. பாட்டின் தலையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டின் பெயர் இருக்கும், அது தெரிந்தால் போதும், யாரும் பாடலாம். பாடுகிறவரே விற்பவர். சந்தையிலும் ரயில் பெட்டியிலும் நின்று பாதிப் பாட்டைப் பாடுவார், மீதி வேண்டுமென்றால் காலணா கொடு என்பார். சிறுமணவூர் முனிசாமி முதலியார் போலச் சிலர் இதில் பேரும் வாங்கினார்கள். அவர் பாடிய ‘நடராசப் பத்து’ இன்றும் கோயில்களில் பாடப்படுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோரை நாடு மறந்துவிட்டது.

1952இல் ஆளவந்தாரைக் கொன்று உடலைப் பெட்டியில் அடைத்துப் போட் மெயிலில் ஏற்றிவிட்டார்களே, அந்தப் பெட்டி திறக்கப்பட்டது எங்கள் பக்கத்து மானாமதுரையில். 1956 நவம்பரில் அரியலூரில் ரயில் ஆற்றுக்குள் போனது. இரண்டையும் பாட்டாக விற்றார்கள். பத்திரிகை படிக்கத் தெரியாத என் பாட்டி அரியலூர்ச் சம்பவத்தைப் பாட்டாகத்தான் தெரிந்துவைத்திருந்தாள். பத்திரிகைக்காரர்கள் எழுதியதைவிட அதில் இறந்துபோனவர்களின் பெண்டு பிள்ளைகள் அதிகம் இருந்தார்கள்.

இந்தப் புத்தகங்கள் அச்சானதே நமக்கு எப்படித் தெரிகிறது? படித்தவர்கள் இவற்றை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. புலவர்கள் சந்திப் பிழை, யாப்புப் பிழை என்று ஒதுக்கினார்கள். இவற்றுக்குப் பதிவு வைத்தது 1867ஆம் ஆண்டின் அதே சட்டம்தான். 1857 கலகத்துக்குப் பின், ஊருக்குள் யார் என்ன அச்சிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டிய பயம் சர்க்காருக்கு இருந்தது. அச்சான புத்தகத்தில் பிரதி கொடுக்கச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டு, புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டோடு இணைப்பாக வெளியிட்டார்கள். தலைப்பு, ஆசிரியர், அச்சிட்டவர், இடம், பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை என்று கட்டம் கட்டிய பட்டியல். காலணாப் பாட்டுக்கும் அதில் ஒரு வரி உண்டு. ஒரு சிந்தின் ஒரு பிரதிகூட எங்கும் மிஞ்சாமல் போனாலும், அது அச்சானது, இத்தனை பிரதி போனது என்று அந்தப் பட்டியல் சாட்சி சொல்கிறது. மக்களை வேவு பார்க்கச் செய்த ஏற்பாடு மக்களுடைய எழுத்துக்கு வரலாறாக நிற்கிறது. இந்தப் பட்டியல்களையும் மிஞ்சிய பிரதிகளையும் தேடி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘முச்சந்தி இலக்கியம்’ வந்த பிறகுதான், எங்களைப் போன்ற சின்ன அச்சாபீஸ்காரர்களின் தொழிலுக்கும் வரலாறு உண்டு என்று பலருக்குத் தெரிந்தது.

கடைசி வரியில் பெயர் போட்டவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு 1908ஐச் சொல்ல வேண்டும். சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை 1906இலிருந்து வந்துகொண்டிருந்தது. எழுதியவர் சுப்பிரமணிய பாரதி. கேலிச் சித்திரங்களும் அனல் பறக்கும் கட்டுரைகளும் அவருடைய கைவண்ணம். ஆனால் சர்க்காரிடம் பதிவாகியிருந்த பெயர் எம். சீனிவாசன் என்பவருடையது. ராஜத்துரோக வழக்கு வந்தபோது வாரண்டும் அந்தப் பெயருக்கே வந்தது. பாரதி புதுச்சேரிக்குப் போனார், ‘இந்தியா’ அங்கிருந்து மறுபடி வந்தது, 1910 வரை நடந்தது. சீனிவாசனுக்கு ஐந்து வருஷச் சிறை. பாரதி அகப்பட்டிருந்தால் நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய எத்தனையோ பாட்டு கிடைத்திராது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாரதிக்கு மணிமண்டபமும் சிலைகளும் இருக்கிற நாட்டில், சீனிவாசன் பெயரைச் சொன்னால் தெரிந்தவர் எத்தனை பேர்? அவர் சிறைக்குப் போனதை ஒரு அடிக்குறிப்பாக வைத்திருப்பது நியாயமில்லை.

அரசு அத்தோடு நிற்கவில்லை. 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் அச்சுக்காரனின் பணப்பையில் கை வைத்தது. புதிதாக அச்சுக்கூடம் தொடங்குகிறவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட வேண்டும். ஆட்சேபகரமாக எதையாவது அச்சிட்டால் அது பறிபோகும். மறுபடி தொடங்க 1,000 முதல் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும். அதற்குப் பிறகும் அச்சிட்டால் பொறியே பறிமுதல். ஒரு ரூபாய்க்கு 64 காலணா. காலணாப் பாட்டு விற்று 500 ரூபாய் சேர்க்க 32,000 பிரதி விற்க வேண்டும், அதுவும் தாளுக்கும் மைக்கும் கூலிக்கும் ஒரு காசு கழிக்காமல். நீதிமன்றம், வாதம், தீர்ப்பு எதுவும் இல்லாமலே சின்ன அச்சாபீஸ்காரர்கள் வாயைக் கட்டிக்கொள்ள அந்தக் கணக்கு போதும். 1922இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். சட்ட மறுப்பு இயக்கம் வந்ததும் 1931இல் அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள்.

இடையே 1928இல் நடந்தது ஒன்று. பர்மா அரசு பாரதியின் பாட்டுப் புத்தகங்களைத் தடை செய்தது. சென்னை அரசும் பின்னாலேயே தடை போட்டு, திருவல்லிக்கேணியில் இருந்த பிரதிகளைப் போலீசை விட்டு அள்ளியது. பாரதி இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. எழுதினவனைப் பிடிக்க வழியில்லாத இடத்திலும் தாளைப் பிடிக்கலாம் அல்லவா? சத்தியமூர்த்தி சட்டசபையில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்து அதைப் பெரிய விவாதமாக்கினார்.

அப்பா அச்சுவேலைக்குப் பையனாகச் சேர்ந்தது 1930களில், மதுரையில் வேறொருவருடைய அச்சாபீசில். அவர் அடிக்கடி சொன்ன கதை பாட்டுப் புத்தகங்களைப் பற்றியது. மதுரகவி பாஸ்கரதாஸ் மதுரையில் இருந்தார். அவர் பாட்டுகளை நாடக மேடையில் பாடினார்கள், மறுநாள் அதையே புத்தகமாக வாங்கினார்கள். அவருடைய பாட்டுப் புத்தகங்களைச் சர்க்கார் தடை செய்தது. சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்து திருமங்கலத்தில் தங்கிவிட்ட விசுவநாத தாஸ் மேடையில் ஏறி நின்றால் போலீசும் கூட வந்து நிற்கும். எத்தனை முறை கைது செய்தாலும் வெளியே வந்து மறுபடி பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் போனது. பகத்சிங்கைத் தூக்கிலிட்ட 1931 மார்ச்சுக்குப் பிறகு அவர் மேல் எத்தனையோ பாட்டுப் புத்தகங்கள் வந்தன, வர வர அரசு தடை செய்தது. அப்பா வேலை பார்த்த இடத்துக்கும் ஒரு நாள் போலீஸ் வந்தது. இரவெல்லாம் கண் விழித்துக் கோத்து, பாரம் கட்டி மிஷினில் ஏற்ற வைத்திருந்த எழுத்தை அப்படியே தரையில் கவிழ்த்துக் காலால் கலந்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து அந்த ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கேசில் சேர்த்தேன் என்று அப்பா சொல்லும்போது, வயதான பிறகும் அவர் குரல் மாறும். தடை செய்த புத்தகங்களின் பிரதிகள் சிலவற்றை அரசு லண்டனுக்கு அனுப்பியது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அடித்த அச்சாபீஸ்கள் பலவற்றின் முகவரியில் இப்போது ஜவுளிக் கடையோ பாத்திரக் கடையோ இருக்கும்.

ஈரோட்டில் இதே காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ‘குடிஅரசு’ 1933 அக்டோபரில் அன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டுத் தலையங்கம் வெளியிட்டது. பெரியாரோடு சேர்த்து அவர் தங்கை கண்ணம்மாளையும் கைது செய்தார்கள். பத்திரிகையில் பதிவாகியிருந்த வெளியிடுவோர் பெயர் கண்ணம்மாளுடையது. அவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. பின்னர் பகத்சிங்கின் ‘நான் நாத்திகன் ஏன்?’ ஜீவானந்தத்தின் மொழிபெயர்ப்பில் வந்தபோது, மொழிபெயர்த்தவரோடு வெளியிட்ட ஈ. வெ. கிருஷ்ணசாமியையும் பிடித்தார்கள். சட்டசபையில் பேசவும் நீதிமன்றத்தில் வாதாடவும் ஆள் உள்ளவர்கள் இவர்கள். சந்துக்குள் ஒற்றை மிஷின் வைத்திருந்தவனுக்கு யார் இருந்தார்கள்?

பொறியும் பெயரும் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதை எல்லோருக்கும் முன்பே உணர்ந்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்கள் என்று நினைக்கிறேன். 1869இலேயே ‘சூரியோதயம்’ வந்திருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன், எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. விலை பேரிலேயே இருக்கிறது, ஒரு பைசா. வாரம் ஒரு பைசா கொடுக்க முடிந்தவனெல்லாம் வாசகன் என்று ஒரு பத்திரிகை தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டது. அடுத்த வருஷம் ‘தமிழன்’ ஆகி, 1914இல் பண்டிதர் மறையும்வரை அவர் கையில் நடந்தது. பின்னர் 1926இல் கோலார் தங்க வயலில், சுரங்கத் தொழிலாளர் நடுவே, அப்பாதுரையார் அதைத் திரும்ப உயிர்ப்பித்தார். பள்ளிக்கூடத் திண்ணையில் இடம் கிடைக்காதவர்களின் பிள்ளைகள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, தங்கள் ஊர்ப் பெயரோடு அச்சில் பார்த்தார்கள். இதைவிடப் பெரிய எழுத்துச் சுதந்திரம் அந்தக் காலத்தில் தமிழில் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சுதந்திரம் வந்தது. அரசியல் சாசனம் 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதம் ஓடியதோ இல்லையோ, சென்னை அரசு ஒரு பத்திரிகையைத் தடை செய்துவிட்டது. பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்ற நாட்கள் அவை. பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று மார்ச் முதல் தேதி உத்தரவு போட்டார்கள். அதன் ஆசிரியரும் வெளியிடுபவரும் அச்சிடுபவரும் ஒருவரே, ரொமேஷ் தாப்பர். அவர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26இல் தீர்ப்பு வந்தது. சென்னையில் வழக்கறிஞராக இருந்து நீதிபதியான பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு அது. கருத்து வெளியிடும் உரிமையில் அதைப் பரப்பும் உரிமையும் அடக்கம், பொது அமைதி என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லித் தடுக்க முடியாது என்று உத்தரவு ரத்தானது. அடுத்த வருஷம் ஜூனில் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. கிடைத்த உரிமையைப் பதினெட்டு மாதத்துக்குள் குறைத்துக்கொண்டோம். ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாகாணம் என்று சட்டக் கல்லூரியில் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். எங்கள் மாகாணத்தின் பெயர் அந்த வழக்கில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நான் கம்போசிங் பழகியது அறுபதுகளின் கடைசியில். அப்போது செல்லூரிலிருந்து ஒரு நெசவாளி வருவார். தறி ஓட்டியபடியே பாட்டுக் கட்டுவார். நூல் விலை ஏறிக் கைத்தறிக்காரர்கள் திண்டாடிய சமயம், ஒரு நூல் வியாபாரியைப் பெயர் சொல்லித் திட்டிக் கும்மி கட்டிக்கொண்டு வந்தார். 500 பிரதி வேண்டும், பணம் தவணையில். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

“அண்ணே, பாட்டு நல்லாருக்கு. அந்தாளு பேரை மட்டும் எடுத்துருவோம்.”

“பேரை எடுத்துட்டா யாரு மேல பாட்டுன்னு தெரியாமப் போயிருமே, மொதலாளி?”

“நாளைக்கு வக்கீல் நோட்டீசு உமக்கு வராதுண்ணே. கீழே என் பேருல்ல இருக்கு.”

ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் பெயர் வரும் இடத்திலெல்லாம் புள்ளி வைப்பது என்று முடிவானது. நான்தான் கோத்தேன், வரிக்கு ஐந்து புள்ளி. அவர் அதைச் செல்லூர் பாலத்தடியிலும் புது மண்டபத்துப் புத்தகக் கடைகள் பக்கமும் பாடி விற்றார். புள்ளி வந்த இடத்தில் நிறுத்திப் பெயரைச் சத்தமாகவே சொன்னார். கூட்டம் சிரித்தது, புத்தகம் தீர்ந்தது.

அப்பா ஒரு தணிக்கை அதிகாரியாக நடந்துகொண்டார் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அந்த வரிக்குப் பொறுப்பு அவர். ஆனால் இந்த நாட்டில் எழுதின வரிகள் எத்தனை இப்படி அச்சாபீஸ் மேஜையிலேயே நின்றுபோயிருக்கும் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. கெஜட்டில் தடை என்று வந்தவை கொஞ்சம். ஒரு அச்சுக்காரனின் பெருமூச்சோடு திரும்பிப் போனவை எந்தப் பட்டியலிலும் இல்லை.

நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சியைக் கலைத்த பிறகு தமிழ்நாட்டில் தணிக்கை இறுகியது. கைதானவர்களின் பெயரை அச்சிட முடியாது. அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3இல், அண்ணா சதுக்கத்துக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று சொல்லி ‘முரசொலி’ ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. சிறையில் யார் யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் சந்துக்குள்ளும் அடிக்கடி ஓர் அதிகாரி வந்து மிஷின் பக்கத்தில் கிடக்கும் வீணான தாள்களைப் புரட்டிவிட்டுப் போவார். கல்யாணப் பத்திரிகையின் புரூபைக்கூடப் பிடித்துப் படித்தார். அந்த மாதங்களில் பாட்டு கொண்டுவந்தவர்கள் யாரும் இல்லை, செல்லூர்க்காரர் உட்பட.

பிறகு வந்த ஒரு தீர்ப்பையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். கொலைக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபடி எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிட முயன்றபோது, சிறை அதிகாரிகள் கூடாது என்றார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அச்சாகும் முன்பே தடுக்க அரசுக்கோ அதன் அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை, அவதூறு என்று நினைத்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம் என்றது. கொலைச் சிந்து விற்ற குஜிலித் தெருவுக்கு அப்படி ஒரு தீர்ப்பு நூறு வருஷம் முன்னால் கிடைத்திருக்க வேண்டும்.

அதற்குள் எங்கள் தொழில் முடிந்துபோனது. ஆப்செட்டும் கணினியும் வந்தன. டிரெடிலை எடைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள், ஈய எழுத்தை உருக்கினார்கள். பாட்டு எழுதுகிறவர்கள் இப்போது அச்சாபீசைத் தேடி வருவதில்லை. தங்கள் கைபேசியிலிருந்தே பாடுகிறார்கள், நல்லது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் முதல் தேதி விடைபெற்றது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களை மட்டும் பார்க்கிறது, புத்தகங்கள் அதில் சேரவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நின்று கையெழுத்திடும் வழக்கமும் போய்விட்டது. ஆனால் ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அரசுக்கு இன்னும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவாக இருந்தது, புதிய சட்டத்தில் 98ஆம் பிரிவாக எண் மாறியிருக்கிறது. தேர்தல் துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயர் இல்லாவிட்டால் இன்றும் குற்றம்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் தாத்தா பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கும்மி, சிந்து, கோயில் பாட்டு, கட்சிப் பாட்டு, வேலைநிறுத்த நோட்டீஸ் என்று ஏதாவது கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் இப்படிப்பட்ட தாள்களைச் சேர்த்துவைத்ததால் உருவானது. அங்கே கொடுங்கள், அல்லது உங்கள் ஊர்ப் பொது நூலகரிடம் காட்டுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரிவரை படம் எடுத்துக்கொள்ளவாவது அனுமதியுங்கள்.